கையில் இருந்த நூலைச் சொல்லுங்கள்

ஆய்வுக் கட்டுரை எழுதும் மாணவர்கள் மேற்கோள் பற்றிக் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை குறிகளைப் பற்றியவை. ஆண்டுக்குப் பிறகு முற்றுப்புள்ளியா, காற்புள்ளியா? நூலின் பெயர் சாய்வெழுத்திலா? இதழ் எண் அடைப்புக்குள்ளா, வெளியிலா? திருத்துகிறவர்களும் அங்கேதான் சிவப்பு மையைச் செலவழிக்கிறார்கள். குறிகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு துறையில் எல்லோரும் ஒரே ஒழுங்கில் எழுதினால்தான் படிப்பவர் கண் தடுமாறாமல் ஓடும். ஆனால் குறிகளுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "இதைத் திறந்து பார்த்தீர்களா?" துணைநூற்பட்டியலில் நாற்பது நூல் இருக்கும், அதில் எத்தனை நூல் அந்த மாணவரின் கைக்கு வந்தன என்று யாரும் கேட்பதில்லை. இந்த விஷயத்தில் என் மனம் சமாதானம் ஆவதே இல்லை.

இது மாணவர்களோடு நிற்கிற பழக்கமும் இல்லை. சிம்கின், ராய்சௌத்ரி என்ற இரு ஆய்வாளர்கள் 2003இல் ஒரு கணக்குப் போட்டார்கள். புகழ்பெற்ற கட்டுரை ஒன்றைச் சுமார் 4300 பேர் மேற்கோள் காட்டியிருந்தார்கள். அவற்றில் 196 இடங்களில் பக்க எண், தொகுதி எண் போன்றவற்றில் பிழை. அந்த 196 பிழைகளையும் வகை பிரித்தால் 45தான் தேறின. ஒரே ஒரு பிழை மட்டும் 78 முறை திரும்பத் திரும்ப வந்திருந்தது. மூலத்தைப் பார்த்து அவரவர் தட்டச்சு செய்திருந்தால் பிழைகள் ஆளுக்கு ஒன்றாகச் சிதறியிருக்கும். 78 பேர் ஒரே பிழையைச் செய்ய வேண்டுமானால், ஒருவர் பட்டியலைப் பார்த்து அடுத்தவர் எழுதியிருக்க வேண்டும். மூலத்தைப் படித்தவர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் என்பது அவர்களுடைய மதிப்பீடு. கணித மாதிரியை வைத்துச் செய்த மதிப்பீடு அது, நேரில் கேட்டு எடுத்த கணக்கு இல்லை. ஆனாலும் அந்த 78 என்ற எண்ணுக்கு வேறு விளக்கம் சொல்வது கடினம்.

ஏழு, முப்பத்தெட்டு, ஐம்பத்தைந்து

பேச்சுக் குறிப்புகளில் அடிக்கடி தலைகாட்டும் மூன்று எண்களை எடுத்துக்கொள்வோம். ஒருவர் சொல்வது நம்மை வந்து சேர்வதில் சொற்களின் பங்கு 7 விழுக்காடு, குரலின் பங்கு 38, முகத்தின் பங்கு 55 என்பார்கள். கீழே "மெஹ்ராபியன்" என்று ஒரு பெயரும் இருக்கும். பெயர் இருக்கிறது, எண் இருக்கிறது. சான்று காட்டியாயிற்று என்றுதான் தோன்றும். சில குறிப்புகளில் "மெஹ்ராபியன், 1971" என்று ஆண்டும் இருக்கும். குறியெல்லாம் கச்சிதமாக இருக்கும்.

அந்தத் தடத்தில் நடந்து பார்த்தால் வேறு காட்சி தெரிகிறது. 1971 என்பது ஆல்பர்ட் மெஹ்ராபியன் எழுதிய ஒரு நூல். எண்கள் பிறந்த இடம் அதுவல்ல. அவை 1967இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்தவை. முதல் ஆய்வில் பயன்பட்டவை ஒன்பது தனிச் சொற்கள். "நன்றி" போன்ற இனிய சொல் மூன்று, கடுஞ்சொல் மூன்று, இரண்டிலும் சேராதவை மூன்று. அவற்றை வெவ்வேறு குரல் தொனியில் சொல்லவைத்து, சொன்னவரின் உணர்வு என்ன என்று கேட்டார்கள். இரண்டாவது ஆய்வில் சொல் ஒன்றே ஒன்று: "ஒருவேளை" என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல். அதன் ஒலிப்பதிவோடு முகங்களின் நிழற்படங்களைச் சேர்த்துக் காட்டினார்கள். குரல் ஒன்றைச் சொல்லி முகம் வேறொன்றைச் சொன்னால், விருப்பா வெறுப்பா என்று தீர்மானிக்க மக்கள் எதை நம்புகிறார்கள் என்பதுதான் கேள்வி. இரண்டு ஆய்வுகளின் முடிவுகளையும் சேர்த்துக் கட்டியதில் வந்தவை அந்த மூன்று எண்கள். பேசுகிறவர் தன் உணர்வையோ விருப்பு வெறுப்பையோ பற்றிப் பேசாதபோது இவை பொருந்தா என்று மெஹ்ராபியனே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்.

ஒற்றைச் சொல்லை ஒலிப்பதிவில் கேட்டவர்களிடமிருந்து வந்த எண், இருபது நிமிட விளக்கவுரைக்கு எப்படிப் பொருந்தும்? ஆய்வு முறையைச் சொல்லும் பகுதியைப் படித்தவர் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. அந்தப் பகுதியைப் படிக்கக் கால் மணி நேரம் போதும். குறி சரியாக இருந்தும் சான்று தவறாகப் போவது இப்படித்தான்: எண் ஊர் ஊராகப் பயணம் போகிறது, அதன் நிபந்தனைகள் மட்டும் பிறந்த ஊரிலேயே தங்கிவிடுகின்றன.

இதே கோளாறு உயிரோடு விளையாடிய சம்பவமும் உண்டு. 1980இல் ஒரு மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு வாசகர் கடிதம் வந்தது. மருத்துவமனையில் அபின் வகை வலிநிவாரணி பெற்றவர்களில் மிகச் சிலரே அடிமையானார்கள் என்று அது சொன்னது. 2017இல் அந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டியவற்றைத் தேடி எண்ணினார்கள்: 608. அவற்றில் 439, இந்த மருந்துகளுக்கு அடிமையாவது அரிது என்பதற்குச் சான்றாக அதைக் காட்டியிருந்தன. கடிதம் பேசியது மருத்துவமனையில் இருந்த நோயாளிகளைப் பற்றி மட்டும் என்பதை 491 சொல்லவே இல்லை. ஐந்து வாக்கியத்தைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

வழியைச் சொல்லத் தயங்க வேண்டாம்

எல்லா மூலமும் எல்லோருக்கும் கிடைத்துவிடாது. அச்சில் இல்லாத நூல், தெரியாத மொழி, கட்டணச் சுவருக்குப் பின்னால் இருக்கும் இதழ் என்று தடைகள் பல. அப்போது செய்ய வேண்டியது எளிது: யார் வழியாக உங்களுக்குக் கிடைத்ததோ அவரைச் சொல்லுங்கள். கட்டுரைக்குள் மூல ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் எழுதி, "இன்னார் நூலில் எடுத்தாளப்பட்டபடி" என்று சேர்த்து, நீங்கள் பார்த்த நூலின் ஆண்டும் பக்கமும் தர வேண்டும். கடைசியில் உள்ள பட்டியலில் நீங்கள் பார்த்த நூல் மட்டுமே இடம்பெற வேண்டும். பார்க்காத மூலத்தைப் பட்டியலில் ஏற்றினால் அது படித்ததாகச் சொல்லும் பொய் ஆகிவிடுகிறது. "வழி மேற்கோள் நிறைய வந்தால் கட்டுரை பலவீனமாகத் தெரியுமே" என்று மாணவர்கள் அஞ்சுகிறார்கள். பலவீனம்தான், ஆனால் அது உண்மையான பலவீனம். ஒரு பக்கத்தில் மூன்று வழி மேற்கோள் வந்தால், எந்த நூலைத் தேடிப் போக வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

குறிப்பேட்டில் நடக்கும் விபத்து

மேற்கோள் பிழைகள் கட்டுரை எழுதும்போது பிறப்பதில்லை; அதற்கு மூன்று வாரம் முன்பு, குறிப்பெடுக்கும்போதே பிறந்துவிடுகின்றன. நூலில் உள்ள வாக்கியம் எது, நாம் சுருக்கியது எது, நமக்குத் தோன்றியது எது என்ற மூன்றும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் கலந்து கிடக்கும். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் எல்லாம் நாமே எழுதியது போலத் தெரியும். கருத்துத் திருட்டு என்று பிடிபடுகிற பலவற்றின் பின்னால் இந்தக் கலப்புதான் இருக்கிறது. ஆகவே சொல்லுக்குச் சொல் எடுத்ததை அந்த இடத்திலேயே இரட்டை மேற்கோள் குறிக்குள் அடைத்துவிடுங்கள். சுருக்கத்தின் முன்னால் "சு" என்றும், சொந்த எண்ணத்தின் முன்னால் "என்" என்றும் போடுங்கள். மூன்றுக்கும் பக்க எண் வேண்டும். சொந்த எண்ணத்துக்கு எதற்கு என்று தோன்றலாம். அது எந்தப் பக்கத்தைப் படிக்கும்போது தோன்றியது என்பது பிறகு உதவும்.

பக்க எண்ணிலும் ஒரு பொறி உண்டு. பிடிஎஃப் கோப்பில் திரையின் மூலையில் 7 என்று இருக்கும், தாளில் அச்சான எண் 112 ஆக இருக்கும். தர வேண்டியது 112. நூல் என்றால் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்புறத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்புறத்தில்தான் பதிப்பு, ஆண்டு, பதிப்பகம் எல்லாம் இருக்கும். அங்கே இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்தால் குழம்ப வேண்டாம்: மறு அச்சு என்பது அதே பக்கங்களை மீண்டும் அச்சடித்தது, பெரும்பாலும் பக்க எண் மாறாது. திருத்திய பதிப்பு என்பது வேறு நூல் போல. பக்கம் மாறும், சில சமயம் கருத்தே மாறும். கையில் இருப்பது எந்தப் பதிப்போ அதன் ஆண்டைத் தர வேண்டும். பழைய செய்யுள் நூல்களுக்குப் பாடல் எண்ணே சிறந்த முகவரி, பதிப்புக்குப் பதிப்பு பக்கம் ஓடினாலும் பாடல் எண் பெரும்பாலும் ஓடாது. உரையை மேற்கோள் காட்டினால் மட்டும் உரையாசிரியர் பெயரும் பக்கமும் கட்டாயம்.

இணையப் பக்கம் என்றால் எழுதியவர், நாள், பக்கத்தின் தலைப்பு, தளத்தின் பெயர், முகவரி என்று ஐந்தும் வேண்டும். எழுதியவர் இல்லாவிட்டால் நிறுவனத்தின் பெயர். நாள் இல்லாவிட்டால் "நாள் இல்லை" என்றே எழுதுங்கள். நீங்கள் பார்த்த நாளை வெளியான நாளாக்கிவிடாதீர்கள். இணையப் பக்கங்கள் செத்துப்போகும் என்பதால் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் பக்கத்தைச் சேமித்து அந்த முகவரியையும் குறித்துக்கொள்வது நல்லது. இதழ்க் கட்டுரைக்கு டிஓஐ (DOI) என்ற நிலையான அடையாள எண் இருந்தால் அதைத்தான் தர வேண்டும். தளம் மாறினாலும் அது கட்டுரையைக் கண்டுபிடித்துத் தரும்.

சொல்லை மாற்றினால் போதுமா

ஒரு நூலில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "நகரங்கள் வேகமாக வளர்ந்தபோது, குடிநீருக்காக மக்கள் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருந்தது." மாணவர் எழுதுகிறார்: "நகரங்கள் விரைவாகப் பெருகியபோது, தண்ணீருக்காக மக்கள் வெகுதொலைவு நடக்க நேர்ந்தது." கடைசியில் ஆசிரியர் பெயரும் ஆண்டும் உண்டு. ஆனால் இது சுருக்கமும் அல்ல, மேற்கோளும் அல்ல. வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. சதையை மட்டும் மாற்றியிருக்கிறார். பெயர் போட்டுவிட்டதால் சரியாகிவிடாது, ஏனெனில் படிப்பவர் அந்த வாக்கிய அமைப்பை மாணவருடையது என்று நினைப்பார். சரியான வழி, நூலை மூடிவைத்துவிட்டு, தன் கட்டுரைக்கு அதிலிருந்து என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு எழுதுவது: "குடியேற்றத்தின் வேகத்துக்குக் குடிநீர் ஏற்பாடு ஈடுகொடுக்கவில்லை என்பதை மக்கள் நடந்த தூரமே காட்டுகிறது." எழுதிய பிறகு நூலைத் திறந்து ஒப்பிட வேண்டும். மூன்று நான்கு சொற்கள் தொடர்ந்து ஒத்துப்போனால் மேற்கோள் குறி போடுங்கள், அல்லது மீண்டும் எழுதுங்கள்.

தமிழ் வாக்கியம் தரும் தொல்லை

இதை எந்த ஆங்கிலக் கையேடும் சொல்லாது. தமிழில் "என்கிறார்" கடைசியில் வருகிறது. ஒருவருடைய கருத்தை மூன்று வாக்கியத்தில் எழுதி, மூன்றாவதின் முடிவில் மட்டும் "என்கிறார்" போட்டால், முதல் இரண்டும் யாருடையவை? இலக்கணப்படி அவை கட்டுரையாளரின் கருத்து. எழுதியவர் நினைத்ததோ மூன்றும் அந்த ஆசிரியருடையது என்று. திருட வேண்டும் என்ற எண்ணம் துளியும் இல்லாமலே திருட்டு நடந்துவிடுகிறது. பெயரை முன்னால் கொண்டுவருவதுதான் தீர்வு. முதல் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே ஆசிரியர் பெயரும் அதை ஒட்டி ஆண்டும். இரண்டாவதில் "அவர் மேலும் சொல்வது". கருத்து முடியும் இடத்தில் பக்க எண். அடுத்த பத்தியை நம் குரலில் தொடங்குவதாக இருந்தால் "இதிலிருந்து தெரிவது" போன்ற ஒரு திருப்பம் வேண்டும். அப்போதுதான் வேலி எங்கே முடிகிறது என்று படிப்பவருக்குத் தெரியும்.

"என்பர் அறிஞர்" என்ற தொடரையும் ஆய்வேடுகளிலிருந்து அகற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்த அறிஞர், எந்த நூலில் என்று சொல்ல முடியாவிட்டால் அந்த வாக்கியத்துக்குச் சான்று இல்லை. முந்தைய குறிப்பில் வந்த அதே நூல் என்று சொல்ல, அடிக்குறிப்பில் "மேலது" என்று எழுதும் பழக்கமும் ஆபத்தானது. 14ஆம் குறிப்பில் ஒரு நூல், 15இல் "மேலது, ப. 62" என்று இருக்கும். திருத்தும்போது இடையில் புதிதாக ஒரு குறிப்பைச் செருகினால், "மேலது" ஓசையில்லாமல் வேறொரு நூலுக்குத் தாவிவிடும். ஆங்கில எழுத்து முறைக்கான சிகாகோ கையேடே 2017ஆம் ஆண்டுப் பதிப்பில் இதற்கு நேரான லத்தீன் சுருக்கத்தைத் தவிர்த்து, ஆசிரியர் பெயரும் சுருங்கிய தலைப்பும் தரச் சொல்லிவிட்டது. நாமும் அப்படியே எழுதலாம்.

பெயர் விஷயம் இன்னொன்று. குடும்பப் பெயரை முன்னால் போடு என்கின்றன ஆங்கில முறைகள். முன்னெழுத்தும் இயற்பெயரும் மட்டும் உள்ளவர்களை அதில் திணித்தால், தந்தை பெயர் முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரே ஆசிரியர் பட்டியலில் இரண்டு இடத்தில் தோன்றுவார். இயற்பெயரை முதலில் எழுதி, காற்புள்ளியிட்டு, முன்னெழுத்தைப் பின்னால் தாருங்கள். அகரவரிசையும் இயற்பெயரை வைத்தே.

குறிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. துறை எந்த முறையைக் கேட்கிறதோ அதன் நடப்புப் பதிப்பைப் பாருங்கள். பழைய மாதிரித் தாளை நம்பினால், ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின்) முறை 2019இல் வந்த ஏழாம் பதிப்பிலேயே கைவிட்ட பதிப்பக ஊரை இன்னும் எழுதிக்கொண்டிருப்பீர்கள். ஆசிரியர்கள் மூவர் அல்லது அதற்கு மேல் என்றால் கட்டுரைக்குள் முதல்வர் பெயரும் "பிறரும்" என்பதும் போதும். நீண்ட மேற்கோளைத் தனிப் பத்தியாக உள்தள்ளி எழுத ஏபிஏ 40 சொல்லும், சிகாகோ 100 சொல்லும், எம்.எல்.ஏ. (அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம்) நான்கு வரிக்கு மேலும் என்று எல்லை வைக்கின்றன. தமிழ்ச் சொல் உருபுகளைச் சேர்த்துக்கொண்டு நீள்வதால் 40 சொல் இங்கே அதிக இடம் பிடிக்கும். வரிக்கணக்கே நமக்கு ஒத்துவரும்.

காதுக்குச் சான்று

பேச்சில் நிலைமை வேறு. கேட்பவர் பக்கத்தைத் திருப்ப முடியாது, பட்டியலைப் பார்க்க முடியாது. பேச்சுக்கு இரண்டு குறிப்பு வேண்டும். ஒன்று தயாரிப்புக் குறிப்பு: முழு வாக்கியங்களில், ஒவ்வொரு துணைக்கருத்தின் முடிவிலும் அடைப்புக்குள் ஆசிரியர், ஆண்டு, பக்கம், கடைசியில் முழுப் பட்டியல். இது ஆய்வுக் கட்டுரைக்குச் சமம், அதே கண்டிப்பு இதற்கும் உண்டு. மற்றது மேடைக் குறிப்பு: ஓரிரு அட்டை, சொற்கள் மட்டும். ஆனால் எண்களையும், சொல்லுக்குச் சொல் சொல்ல வேண்டிய மேற்கோளையும், சான்றுக்குரியவரின் பெயரையும் அட்டையில் முழுமையாக எழுதியே ஆக வேண்டும். மேடையில் முதலில் மறப்பது இவற்றைத்தான்.

வாயால் சொல்லும் சான்றில் மூன்று இருந்தால் போதும்: யார், அவருக்கு இதில் என்ன தகுதி, எப்போது. இணைய முகவரியை எழுத்தெழுத்தாக வாசிக்க வேண்டாம். "கூகுளில் பார்த்தேன்" என்றும் சொல்ல வேண்டாம், அது தேடும் இடமே தவிர, சான்று அல்ல. "ஓர் ஆய்வு சொல்கிறது" என்பது "என்பர் அறிஞர்" என்பதன் உடன்பிறப்பு. சான்று தகவலுக்கு முன்னால் வர வேண்டும். கேட்பவர் எண்ணைக் கேட்கும்போதே அதை எவ்வளவு நம்பலாம் என்று எடைபோடுகிறார். "என்கிறார்" கடைசியில் வரும் நம் மொழியில் இது இன்னும் முக்கியம்: மேற்கோள் முழுவதையும் உங்கள் கருத்து என்றே கேட்டுக்கொண்டு வந்து, கடைசிச் சொல்லில் அவர் திகைப்பார். மேலே பார்த்த எண்களையே மேடையில் நேர்மையாகச் சொல்வதென்றால் இப்படி: "உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகள், தனிச் சொற்களை வைத்துச் செய்தவை. குரலும் முகமும் முரண்பட்டால், பேசுகிறவரின் விருப்பு வெறுப்பை அறிய மக்கள் முகத்தையே அதிகம் நம்பினார்கள்." கைதட்டல் கொஞ்சம் குறையலாம். ஆனால் அவையில் ஆய்வைப் படித்த ஒருவர் இருந்தால் அவர் தலையசைப்பார். மேற்கோள் தொடங்கும் இடத்தில் "அவர் சொற்களிலேயே" என்று சொல்லி ஒரு நொடி நிறுத்துங்கள். முடிந்ததும் இன்னொரு நொடி. மேற்கோள் குறியின் வேலையை அந்த அமைதி செய்யும்.

இல்லாத நூல்கள்

ஒரு பெரிய பதிப்பகம், மேற்கோளை எப்படி எழுதுவது என்று காட்ட, அறிவியல் கட்டுரை எழுதும் கலை பற்றிய ஒரு கட்டுரையை மாதிரியாகத் தன் வழிகாட்டியில் போட்டிருந்தது. அப்படி ஒரு கட்டுரை உலகத்திலேயே இல்லை. 2017இல் பேராசிரியர் ஆன்-வில் ஹார்சிங் அதைப் பற்றி எழுதியபோது, கிட்டத்தட்ட 400 கட்டுரைகளின் பட்டியலில் அது ஏறியிருந்தது. இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் அப்படிப்பட்ட பெயர்களை நொடியில் நூறு உண்டாக்கித் தருகின்றன: உண்மையான இதழ், நம்பக்கூடிய ஆசிரியர், பொருத்தமான ஆண்டு, இல்லாத கட்டுரை. 2023இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில், சாட்ஜிபிடி தந்த ஆறு வழக்குகளை மேற்கோள் காட்டிய மனு வந்தது. ஆறும் நடக்காத வழக்குகள்; 5000 டாலர் அபராதம். அந்த வழக்குகள் உண்மையா என்று வழக்கறிஞர் அதே கருவியிடமே கேட்டிருந்தார், அது ஆம் என்றது. சரிபார்ப்பது என்றால் வேறு வாசல் வழியாகப் போக வேண்டும். டிஓஐ எண்ணைத் தட்டி அதே கட்டுரை வருகிறதா என்று பாருங்கள். இதழின் அந்தத் தொகுதியின் உள்ளடக்கத்தில் அந்தப் பக்கங்களில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வேறு கட்டுரை இருந்தால், உங்கள் சான்று பொய்.

ஒப்படைப்பதற்கு முந்தைய நாள் பட்டியலைத் தனித் தாளில் அச்சிட்டு, கட்டுரையை முதலிலிருந்து படித்து, ஒரு பெயர் வரும்போதெல்லாம் பட்டியலில் ஒரு கோடு போடுங்கள். கட்டுரையில் வந்து பட்டியலில் இல்லாதது உடனே தெரியும். கோடே விழாமல் பட்டியலில் நிற்பதை நீக்கிவிடுங்கள். பிறகு கண்ணை மூடி ஐந்து சான்றைத் தொட்டு, அந்த ஐந்தின் பக்கத்தையும் திறந்து, நீங்கள் சொன்னது அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்தில் ஒன்று பிசகினாலும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதுதான், அதற்கு ஒரு நாள் ஒதுக்கி வையுங்கள். பேச்சு என்றால் அந்தக் கோடு போட்ட தாளை மடித்து மேடைக்கும் எடுத்துச் செல்லுங்கள். "அந்த எண்ணை எங்கே பார்த்தீர்கள்?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டால், தாளைப் பிரித்து நூலின் பெயரையும் பக்கத்தையும் படித்துக் காட்டலாம்.